சேகரிப்புப் பூல் கியூ: விற்கவும் எக்ஸ்சேஞ்ச் செய்யவும் முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு நல்ல பூல் கியூ (பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்) கைமாறும்போது முதலில் பேசப்படுவது விலைதான். "அண்ணே, கடைசி எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று கேட்டு ஒரு தொகை வாயிலிருந்து வந்துவிட்டால், அதன்பின் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறையும் சண்டையாகிறது. அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் சட்டம், பிறகு அடையாளம், அளவு, நேர்மை, படம். விலை அதற்கெல்லாம் பின்னால் வருகிறது. இரண்டு துண்டாகக் கழற்றும் அமெரிக்க, ஜப்பானிய பூல் கியூக்களை மனதில் வைத்து எழுதியது இது. மெலிந்த முன்துண்டு ஷாஃப்ட், தடித்த பின்துண்டு பட், இரண்டும் பூட்டும் இடம் ஜாயின்ட். பழைய ஸ்னூக்கர் கியூ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு, வெர்னியர் காலிபர், நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், சிறிய எல்.இ.டி. டார்ச், ரசமட்டம், பழைய வேட்டித் துணி. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் இருந்தால் நல்லது.

கியூவை ஒரு வாரமாவது ஒரே அறையில், மூடிய கேஸில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. கல்ஃபில் ஏ.சி. அறையில் பல வருடம் கிடந்த கியூ குளச்சலுக்கோ கன்னியாகுமரிக்கோ வந்ததும் ஈரத்தை உறிஞ்சுகிறது. மரம் குறுக்குவாக்கில் உப்பும். உள்ளே பதித்த பித்தளையும் பிளாஸ்டிக் வளையமும் உப்பாது. வளையங்களின் விளிம்பு நகத்தில் தட்டுப்படுவது இதனால்தான். வந்து இறங்கிய அன்றே அளந்தால் அந்த அளவு அடுத்த வாரம் செல்லாது.

பரண் மேல் ஓட்டுக்கடியில் வைப்பதும், காரின் டிக்கியில் மதியம் முழுக்க விடுவதும் வேண்டாம். சுவரில் சாய்த்து வைப்பதும் அப்படித்தான். மாதக்கணக்கில் சாய்ந்து நின்ற ஷாஃப்ட் வளைந்துபோகும்.

2. எதையும் பளபளப்பாக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான். விற்பதற்கு முன் "கொஞ்சம் அழகாக்கிவிடலாம்" என்று ஷாஃப்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், அல்லது மரப்பட்டறையில் கொடுத்து மெலமைன் பாலிஷ் அடிப்பார்கள். ஷாஃப்டின் விட்டம் 13 மி.மீ.யிலிருந்து 12.7 ஆகிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. பாலிஷ் அடித்த பட்டில் பழைய கையொப்பமும் பூச்சின் வயதும் அழிந்துவிடும். சேகரிப்பவர் காசு கொடுப்பது அந்த வயதுக்குத்தான். நல்ல கைவேலைக்காரர் முறையாகப் புதுப்பித்ததுகூட விலையைக் குறைக்கும். பட்டறை பாலிஷ் பாதிக்கும் கீழே தள்ளிவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். கியூவுக்கு அது ஆகாது. மேப்பிள் மரம் எண்ணெயைக் குடித்து மஞ்சளாகும், பிறகு சாக் பொடி அதில் ஒட்டிக்கொண்டு கறுக்கும்.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: உலர்ந்த வேட்டித் துணியால் தூசு துடைப்பது, ஜாயின்ட் முகத்தில் படிந்த சாக் பொடியைக் காய்ந்த பிரஷால் நீக்குவது. டிப் (பந்தில் படும் தோல் முனை) மாற்ற வேண்டாம். ஒருமுறைகூட சாக் போடாத டிப் இருந்தால் அதுவே ஒரு சான்று.

3. தந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பழைய அமெரிக்கக் கைவேலைக் கியூக்களில் ஃபெரூல் (டிப்புக்கு அடியிலுள்ள சிறு வளையம்), ஜாயின்ட் காலர் (பூட்டுமிடத்து வளையம்), பட் ஸ்லீவ் (பட்டின் அடிப்பகுதி உறை), பதிப்பு வேலை ஆகியவற்றில் யானைத் தந்தம் போட்டிருப்பார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கத் தந்தத்தையும் 1991 திருத்தம் தடைக்குள் கொண்டுவந்தது. "ரொம்பப் பழசு" என்பதோ "எக்ஸ்சேஞ்ச்தானே, விற்கவில்லையே" என்பதோ உதவாது. அமெரிக்காவிலும் 2016 முதல் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்துக்குக் கடுமையான தடை இருக்கிறது. எனவே இரு பக்கமும் வழி அடைபட்டதுதான்.

தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். பிளாஸ்டிக்கில் அவை இருக்காது, அல்லது அச்சடித்ததுபோல ஒரே சீராக இருக்கும். ஃபெரூலில் இந்த முகம் டிப்புக்கு அடியில் மறைந்திருப்பதால் பக்கவாட்டில் மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தந்தமோ பிளாஸ்டிக்கோ, தழும்பு என்னவோ நிரந்தரம். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தக் கியூவை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, வழக்கறிஞர் மூலம் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். இந்த வேலையை அடையாளம், அளவு எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருப்பதற்குக் காரணம், இதில் நின்றுவிட்டால் மற்ற எதுவும் தேவைப்படாது என்பதுதான்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னும் இரண்டு. ரோஸ்வுட் பேரினம் (டால்பெர்ஜியா) முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே முதல் பட்டியலில். நூறு வயது தாண்டிய கியூ தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், வந்தால் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. பார்சல் போடும் முன் இரண்டையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

4. யார் செய்தது, எப்படிச் செய்தது

பெயரைப் படித்ததும் மனம் துள்ளக்கூடாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கியூ கைவினைஞர் ஜார்ஜ் பலபுஷ்கா 1975-இல் காலமானவர். அவர் பெயர் பொறித்துக் கைக்கு வரும் கியூக்களில் பெரும்பாலானவை பிறகு உரிமம் பெற்றுத் தொழிற்சாலையில் செய்தவை. அவை மோசமான கியூக்கள் அல்ல. ஆனால் அவர் கையால் செய்ததன் விலையோடு அவற்றை ஒப்பிடக்கூடாது. பழைய கைவேலைக் கியூக்களில் பெயரே இல்லாமல் இருப்பதும் உண்டு. அப்போது பாணி, ஜாயின்ட், வளைய வேலை ஆகியவற்றை வைத்து நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

நீங்களே பார்க்கக்கூடியது முன்கைப் பகுதியிலுள்ள (பட்டின் மேல்பாதி) கூர்முனை வேலை, அதாவது கூராக முடியும் அலங்கார மர வேலை. லென்ஸை வைத்துப் பாருங்கள். மரத்தோடு மரம் சேர்த்து ஒட்டிய முனை ஊசிபோலக் கூர்மையாக முடியும். கணினி எந்திரம் குடைந்து பதித்ததில் முனை லேசாக உருண்டிருக்கும், ஏனென்றால் சுழலும் வெட்டுக்கருவியின் ஆரத்தைவிடக் கூர்மையான மூலையை அது வெட்டாது. ஸ்டிக்கர் என்றால் அச்சுப் புள்ளிகள் தெரியும். மூன்றுக்கும் விலை வேறு. விளம்பரத்தில் இது எந்த வகை என்று எழுதாதவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது ஜாயின்ட் பின், அதாவது இரண்டு துண்டையும் பூட்டும் திருகு. 5/16 அங்குலப் பின்னில் ஓர் அங்குலத்துக்கு 14 புரி உள்ளதும் 18 புரி உள்ளதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அரை அங்குலத்தில் புரிகளை எண்ணுங்கள். 7 வந்தால் முதல் வகை, 9 வந்தால் இரண்டாவது. 3/8 பின்னிலும் 10 புரி, 11 புரி என்று இதே குழப்பம் இருக்கிறது. வேறு ஷாஃப்டைப் போட்டுப் பார்க்கும்போது இரண்டு சுற்றுக்குப் பிறகு இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். அழுத்தித் திருகினால் ஷாஃப்டுக்குள் இருக்கும் புரி சிதைந்துவிடும். ஒரிஜினல் ஷாஃப்ட் போனால் கியூவின் மதிப்பில் பெரும்பகுதி போனது.

கார்பன் ஷாஃப்டில் போலி அதிகம். வரிசை எண் இருந்தால் படமெடுத்து, செய்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். விற்பவரின் பில் மட்டும் போதாது.

5. அளந்து எழுதுங்கள்

மொத்த நீளம், பட் நீளம், ஷாஃப்ட் நீளம். வழக்கமான பூல் கியூ 58 அங்குலம், தலா 29. இரண்டு துண்டும் சமமாக இல்லையென்றால் யாராவது வெட்டியிருக்கலாம், அல்லது ஷாஃப்ட் வேறு கியூவினுடையதாக இருக்கலாம்.

எடையைப் பட் தனியாக, ஒவ்வொரு ஷாஃப்டும் தனியாக எடுங்கள். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம், 19 அவுன்ஸ் கியூ சுமார் 539 கிராம் வரும். மரத்தாலான ஷாஃப்ட் பெரும்பாலும் 100 முதல் 120 கிராமுக்குள் இருக்கும். அதைவிட மிகக் குறைவாக இருந்தால் தேய்த்து மெலிந்ததா என்று பாருங்கள். பம்பருக்கு (பட்டின் அடியிலுள்ள ரப்பர்) உள்ளே எடை போல்ட் மாற்றியிருக்கிறதா என்பதும் குறிப்பில் இருக்கட்டும்.

டிப்புக்குக் கீழே ஃபெரூலில் ஓர் அளவு, அங்கிருந்து 6 அங்குலம் தள்ளி ஓர் அளவு, 12 அங்குலத்தில் ஓர் அளவு. ஒவ்வோர் இடத்திலும் வெர்னியரைத் திருப்பிக் குறுக்காகவும் எடுங்கள். இரண்டு எண்ணும் வேறுபட்டால் ஷாஃப்ட் முட்டை வடிவமாகிவிட்டது. யாராவது கையால் உப்புத்தாள் போட்டிருக்கலாம்.

6. நேராக இருக்கிறதா

எல்லாத் தகராறும் இங்கேதான் பிறக்கிறது, அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் துண்டு துண்டாக. சமையலறைக் கிரானைட் மேடை போதும், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டை வையுங்கள், டிப் மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். ஓரம் பிதுங்கிய டிப் ஷாஃப்டைத் தூக்கிக்காட்டும். பின்னால் டார்ச் வைத்து, மெதுவாக உருட்டி, அடியில் தெரியும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

ஷாஃப்ட் சீராகக் கூம்பாது. முன்பகுதி நெடுக ஒரே கனமாக வந்து பிறகுதான் தடிக்கும். எனவே நடுவில் இடைவெளி தெரிவது இயல்பு. உருட்டும்போது அந்த இடைவெளி மாறாமல் இருந்தால் ஷாஃப்ட் நேர்தான். கூடிக் குறைந்தால்தான் வளைவு. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல ஷாஃப்டை வளைந்தது என்று சொல்லி விலை அடிப்பவர்கள் இருக்கிறார்கள்; தெரிந்தே அப்படிச் சொல்பவர்களும் உண்டு.

பிறகு பூட்டி, பூல் மேசையில் உருட்டுங்கள். துண்டுகள் தனியாக நேராக இருந்தும் பூட்டியதும் டிப் ஆடினால் ஜாயின்ட் முகத்தைப் பாருங்கள். அந்த முகம் சுமார் 21 மி.மீ. அகலம். ஒரு ஓரத்தில் 0.1 மி.மீ. தூசு இருந்தால்கூட 29 அங்குலம் தள்ளியிருக்கும் டிப்பில் 3 மி.மீ.க்கு மேல் விலகும். துடைத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். அப்போதும் ஆடினால் முகம் தேய்ந்திருக்கிறது, அதை எழுதியே விற்க வேண்டும்.

கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பார்ப்பது மட்டும் போதாது. மர வரி கண்ணை ஏமாற்றும்.

7. படங்களும் ஒரு வீடியோவும்

காலை வெளிச்சத்தில் நிழலான திண்ணை சிறந்தது. போனின் அகலக்கோண லென்ஸில் நேரான கியூவும் வளைந்து தெரியும். இரண்டு மீட்டர் பின்னால் நின்று, சாதாரண லென்ஸில் எடுங்கள்.

தேவையானவை: முழு நீளம், முன்கை நான்கு பக்கமும், இரண்டு ஜாயின்ட் முகங்கள், பின், ரேப் (கைப்பிடிச் சுற்று), கையொப்பம் அல்லது லோகோ, பம்பர், ஒவ்வொரு ஷாஃப்டின் ஃபெரூல். பிறகு ஒவ்வொரு கீறலுக்கும் பள்ளத்துக்கும் அருகில் ஒரு ஸ்கேல் வைத்துத் தனிப்படம். குறையை மறைத்து எடுத்த படம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே திரும்பி வரும். உருட்டுவதை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்து, அன்றைய செய்தித்தாளின் தேதி தெரியும்படி வையுங்கள். அடுத்தவர் படத்தை எடுத்துப் போடுபவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துக்காட்டுவது இதுதான்.

8. இப்போது விலை

கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏல தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் எடுங்கள். அதே செய்பவர், அதே வகை முனை வேலை, அதே எண்ணிக்கை ஒரிஜினல் ஷாஃப்ட், புதுப்பிக்காதது. இந்த நான்கும் ஒத்தால்தான் ஒப்பீடு. வெளிநாட்டு விலையோடு அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்த்தால் வருவது உச்ச வரம்பு. அதற்கு மேல் உள்ளூரில் யாரும் தரமாட்டார்கள், நேரே இறக்குமதி செய்துகொள்வார்கள்.

கீழ் வரம்பு, விளையாட மட்டும் வாங்குபவர் தருவது. மாவட்டத்துக்குள் சேகரிப்பவர்கள் குறைவு, பூல் பார்லர்களில் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கீழ் விலைதான். திருவனந்தபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. கொச்சி, சென்னை, பெங்களூருவில் வாங்குபவர்கள் அதிகம். அவசரமில்லை என்றால் வெளியே காட்டுங்கள்.

பார்லரில் கமிஷனுக்கு வைப்பதானால் எழுதி வாங்குங்கள்: எத்தனை சதவீதம், எத்தனை நாள், சேதமானால் யார் பொறுப்பு. முக்கியமாக "யாரும் இதை வைத்து ஆடக்கூடாது" என்ற வரி. காட்சிக்கு வைத்த கியூவை எடுத்து யாராவது பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் பலமான அடி) அடிப்பார்கள், ஃபெரூல் வெடிக்கும், யார் என்று தெரியாது.

9. விளம்பர வரிகள்

சுருக்கமாக, இந்த மாதிரியில்:

"58 அங்குலம், பட் 433 கிராம், ஒரிஜினல் ஷாஃப்ட் இரண்டு (104, 107 கிராம், டிப் 12.9, 13.0 மி.மீ.). பின் 5/16, 14 புரி. முனைகள் ஒட்டு வேலை, நான்கு. ரேப் மாற்றியது, பூச்சு மாற்றாதது. முதல் ஷாஃப்ட் நேர். இரண்டாவது லேசாக ஆடும், வீடியோ உண்டு. பட்டில் பம்பரிலிருந்து 4 அங்குலத்தில் ஒரு பள்ளம். தந்தம் இல்லை. நாகர்கோவிலில் நேரில் பார்க்கலாம்."

"சூப்பர் கண்டிஷன்", "புத்தம் புதுசு மாதிரி" என்பவை எதையும் சொல்வதில்லை. பின்னால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்ளத்தான் உதவும்.

10. எக்ஸ்சேஞ்ச் என்றால்

இருவரும் தங்கள் கியூவுக்கு ரொக்க விலையைத் தனித்தனியே எழுதி, ஒரே நேரத்தில் காட்டுங்கள். உதாரணத்துக்கு, உங்களுடையது 60,000, அவருடையது 42,000 என்றால் வித்தியாசம் 18,000. பேச வேண்டியது அந்த 18,000 பற்றி மட்டும்தான். "எக்ஸ்சேஞ்சுக்கு 70,000" என்று ஒருவர் ஏற்றினால் மற்றவரும் ஏற்றுவார், கடைசியில் எந்த எண்ணுக்கும் பொருளில்லாமல் போகும்.

ஒரு கியூவுக்கு இரண்டு கியூ தருகிறேன் என்பவரிடம் கவனம். நீங்கள் ஒருமுறை விற்க வேண்டியது இப்போது இரண்டு முறை ஆகிறது.

நேரில் மாற்றுவதே நல்லது. மட்டமான மேசையுள்ள பார்லரில், கூட்டமில்லாத முற்பகலில் சந்தியுங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டிலோ ஜங்ஷன் நடைமேடையிலோ உருட்டிப் பார்க்க இடமில்லை, வெளிச்சமும் போதாது. தூரத்து ஆள் என்றால், இந்த வட்டத்தில் குறைவாக அறியப்பட்டவர் முதலில் அனுப்புவது வழக்கம். பெரிய தொகை என்றால் இருவருக்கும் தெரிந்த மூன்றாமவரிடம் இரண்டு கியூவும் போய், அவர் பார்த்துவிட்டு மாற்றி அனுப்பட்டும்.

11. பணம்

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கி ஆப்பில் இருப்பைப் பார்த்த பிறகே கியூவை விடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணோ கியூ.ஆர். ஸ்கேனோ தேவையில்லை, கேட்டால் மோசடி. பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதித்து, "ராணுவத்தில் இருக்கிறேன், ஆள் அனுப்புகிறேன்" என்று அவசரப்படுத்துபவரும் அதே வகை. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது, வங்கி வழியாகவே வாங்குங்கள்.

வெள்ளைத்தாளில் அளவுகள், குறைகள், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்திட்டுப் படமெடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.

12. பார்சல்

110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 85 செ.மீ. வெட்டி வாங்குங்கள், இரண்டு மூடியும் சேர்த்து. ஹார்டுவேர் கடை எங்கும் கிடைக்கும். அட்டைக்குழாய் மழையில் ஊறும், பஸ் கூரையில் நசுங்கும்.

ஜாயின்ட் காப்பான் திருகி, ஒவ்வொரு துண்டையும் பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல் பபிள் ஷீட். பபிள் ஷீட் நேராகப் பூச்சில் பட்டால் வெயிலில் புள்ளிப் புள்ளியாக அச்சு விழும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு பாலித்தீன் பையில் மூடுங்கள். குழாயின் இரு முனையிலும் தெர்மாகோல் அல்லது ஃபோம், குறைந்தது 4 செ.மீ. குலுக்கினால் சத்தமே வரக்கூடாது.

மூடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பெறுபவர் ஹாக்ஸா பிளேடு கொண்டு குழாயை அறுப்பார், உள்ளே கியூவும் அறுபடும். அகலமான டேப் நான்கு சுற்று போதும்.

முக்கால் ஜாயின்ட் ஸ்னூக்கர் கியூவுக்கு இந்த நீளம் போதாது. ஒரு துண்டே ஒரு மீட்டரைத் தாண்டும். குழாய் வாங்கும் முன் தபால் நிலையத்திலோ கூரியரிலோ நீள வரம்பைக் கேளுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதினால் காப்பீடும் அந்த அளவுக்கே கிடைக்கும்.

13. பெற்றவர் செய்ய வேண்டியது

குழாயைத் திறப்பதை வீடியோ எடுங்கள். உடனே உருட்டிப் பார்க்க வேண்டாம். கேஸுக்குள் ஒருநாள் முழுதும் அறையில் கிடக்கட்டும், பிறகு அளவும் உருட்டலும் விற்றவர் செய்த அதே வரிசையில். அதனால்தான் பரிசோதனைக்கு 48 மணி நேரம் என்று பேசாமல் மூன்று நாள் என்று முன்பே பேசுவது நல்லது.

அந்த மூன்று நாளில் சாக் போட்டு ஒரு பந்துகூட அடிக்கக்கூடாது. அடித்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது என்று கொள்வதே இந்த வட்டத்தின் வழக்கம். அளவு மாறுபட்டால் விற்றவரின் வீடியோவையும் உங்களுடையதையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். எடையும் விட்டமும் ஒத்து, வளைவு மட்டும் புதிதாகத் தெரிந்தால் இன்னொரு வாரம் கேஸில் வைத்து மறுபடி உருட்டச் சம்மதம் கேளுங்கள். எடையே நன்றாக மாறுபட்டால் அது வேறு ஷாஃப்டாக இருக்கலாம்; அன்றே திருப்பி அனுப்புங்கள்.